காலடியில் உடையும் பாளம்: பனிச்சரிவு ஆபத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் நிறைய வேலை வாங்குகிறோம். மார்கழி விடியலில் கோலத்தை நனைப்பதும் பனி, ஜனவரியில் உதகைப் புல்வெளியில் வெள்ளையாகப் படிவதும் பனி, இமயமலையில் ஆளையே மூடிவிடுவதும் பனி. நமக்கு அது மென்மையான சங்கதி. அதனாலோ என்னவோ, “காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சரிவு, சறுக்கு வீரர் பலி” என்று செய்தி வந்தால் நாம் சொல்லும் விளக்கம் எப்போதும் ஒன்றுதான்: உச்சியில் சேர்ந்த பனி பாரம் தாங்காமல் விழுந்திருக்கும், கீழே இருந்தவர்கள் பாவம், விதி. கூடவே யாராவது ஒருவர், “சத்தம் போட்டிருப்பாங்க” என்பார்.

நம் மனதில் பதிந்த படத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் முகாமை ஒரு பெரும் பனிச்சுவர் இடிந்து மூடியது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன் முகாமில் இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அங்கே நடந்தது உண்மையிலேயே மேலிருந்து வந்த விபத்து.

பனிச்சறுக்குக்காரர்களின் கதை வேறு. பனிச்சரிவில் சிக்கி இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அந்தப் பனிச்சரிவைக் கிளப்பியவர் அவரேதான், அல்லது அவருடன் வந்த ஒருவர். கூச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனிதக் குரலின் அழுத்தம் பனியை உடைக்கத் தேவையானதில் ஒரு துளிகூட இல்லை. உடல் எடை போதும். கிளப்புவது நாமே என்றால் கிளப்பாமல் இருக்கவும் வழி இருக்க வேண்டும் அல்லவா? ஆபத்தைக் கணிப்பது என்ற கலையே அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பனிச்சறுக்கு விடுதிகளில் காவலர்கள் தினமும் சரிவுகளைப் பார்ப்பார்கள். ஆபத்தான இடங்களில் அவர்களே வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுவதும் உண்டு. அந்தக் கண்காணிப்புக்கு வெளியே, யாரும் பதப்படுத்தாத மலையில் சறுக்குவதற்குப் பெயர் பேக்கன்ட்ரி. குல்மார்க்கில் இந்த எல்லையைத் தாண்டுவது ரொம்பச் சுலபம். கோண்டோலா கேபிள் கார் உங்களை அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து பத்து நிமிடம் பக்கவாட்டில் நடந்தால் காவல் எல்லை முடிந்துவிடும். 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வத்தில் போலந்து நாட்டுக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மர்க் பக்கம் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள்.

உதிரியும் பாளமும்

முற்றத்தில் மணலைக் கொட்டினால் கூம்பாக நிற்கும். மேலும் கொட்டினால் ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரிந்து இறங்கும். பனியிலும் இப்படி நடக்கும். அது உதிரிச் சரிவு. வெயிலில் நனைந்து கனத்தால் அதுவும் ஆளைக் கொல்லும்தான். ஆனால் பெரும்பாலான உயிர்களை எடுப்பது இது இல்லை.

சமையலறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலகையில் கடுகைப் பரப்புங்கள். அதன் மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். பலகையை மெல்லச் சாய்த்தால் புத்தகம் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு முழுசாக ஒரே வீச்சில் வழுக்கிவரும். புத்தகத்தின் இடத்தில் கட்டியாக இறுகிய பனி, கடுகின் இடத்தில் ஒட்டாத பனித்துகள், பலகையின் இடத்தில் மலை. இறுகிய அந்த மேல் தட்டைத்தான் பாளம் என்கிறேன். வெயிலில் காய்ந்த கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்தப் பாளம். அடியில் இருக்கும் கடுகுக்குப் பெயர் நலிந்த அடுக்கு.

ஆனால் கடுகுச் சோதனையில் ஒரு முக்கியமான விஷயம் தெரியாது. மலையில் பாளம் ஏக்கர் கணக்கில் விரிந்திருக்கும். சறுக்குபவர் நிற்பதோ ஒரு சாண் இடத்தில். அவர் காலுக்குக் கீழே நலிந்த அடுக்கு நொறுங்கினால் மற்ற இடம் ஏன் விழ வேண்டும்? பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்து சைக்கிள் ஒன்று சாய்ந்தால் பக்கத்ததும் சாயும், அது அடுத்ததைத் தள்ளும், கடைசி சைக்கிள் விழும்போது முதல் சைக்கிளைத் தட்டிய பையன் ஓடியே போயிருப்பான். நலிந்த அடுக்கும் அப்படித்தான் நொறுங்கிக்கொண்டே போகும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். பிடிப்பிழந்த பாளம் மேலே கோடு கிழித்ததுபோல் வெட்டுப்பட்டுக் கிளம்பும். ஆள் ஓரத்தில் இல்லை, நட்ட நடுவில் இருப்பார். சமதரையில், சரிவின் அடிவாரத்தில் நின்றவர் காலடியில் தொடங்கிய நொறுங்கல் மேலே ஓடி, மலையை அவர் தலையிலேயே இறக்கிய விபத்துகளும் உண்டு.

எடையையும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடலாம். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம். மலைக்கு இது சின்னத் துண்டு. கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தாலும் 250 டன் ஆகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பாளச் சரிவுக்கு மேலே இறுகிய பாளம் வேண்டும், கீழே நலிந்த அடுக்கு வேண்டும், தேவையான சாய்வு வேண்டும், தட்டிவிட ஒருவர் வேண்டும். நாலாவது ஆள் பெரும்பாலும் நாம்தான்.

நலிந்த அடுக்கு எங்கிருந்து வருகிறது?

குளிர்காலம் முழுக்க விழும் பனி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிறது. தரையிலிருந்து மேற்பரப்பு வரை உள்ள அந்த மொத்த அடுக்குக்கும் பனிப்படுகை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு நாளின் வானிலையைத் தன்னிடம் வைத்திருக்கிறது. சாதாரணமாக, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாளாக நாளாக உறுதியாகும். ஃப்ரீசரில் கிண்ணத்தில் போட்டு வைத்த ஐஸ் கட்டிகள் ஒரு வாரத்தில் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்வது போல.

இரண்டு வழிகளில் இது கெட்டுப்போகும்.

முதல் வழி, உதகைக்காரர்களுக்குத் தெரிந்த வழி. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப்போகும்; காற்றின் ஈரம் அதன்மேல் மெல்லிய இறகுகளாக உறையும். இதைப் பனிப்பூ எனலாம். காலையில் பார்க்கக் கொள்ளை அழகு. உதகையில் ஒன்பது மணி வெயிலில் கரைந்துவிடும். மலையில் வெயில் படாத வடக்குச் சரிவில் அது அப்படியே நிற்க, மறுநாள் அதன்மேல் ஒன்றரை அடிப் பனி விழுந்தால்? நிற்கும் இறகுகளின் மேல் ஒரு கூரை. வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. நம் உள்ளுணர்வை அப்படியே தலைகீழாகப் புரட்டிவிடும். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், முத்து முத்தாக நீர். அடியில் சூடு, மேலே குளிர்ச்சி; ஆவி மேலே போய்ப் படிகிறது. பனிப்படுகைக்குள்ளும் இதே கதைதான். பனி ஒரு கம்பளி மாதிரி என்பதால் அதன் அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ மைனஸ் 15 வரை போகும். இந்த வித்தியாசம் ஆவியை மேல்நோக்கித் துரத்த, அது கீழ்த் துகள்களின் ஒட்டுதலை அரித்து, மேலே வேறு வடிவில் உறையவைக்கிறது. கோணம் கோணமான, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை போல விரல் வழியே ஓடும், உருண்டை பிடிக்கவே வராது. மலையில் இதற்குப் பெயரே சர்க்கரைப் பனிதான்.

10 சென்டிமீட்டருக்கு சுமார் 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே இந்த அரிப்பு தொடங்கிவிடும் என்பது பொதுவான கணக்கு. இப்போது போட்டுப் பாருங்கள். பனி 2 மீட்டர் இருந்தால், 15 டிகிரி வித்தியாசம் 200 சென்டிமீட்டரில் பரவுகிறது: 10 சென்டிமீட்டருக்கு 0.75. பிரச்சினை இல்லை. பனி அரை மீட்டர்தான் என்றால் 3 டிகிரி. வரம்பைப்போல மூன்று மடங்கு! ஆக, பனி குறைவாக விழுந்த குளிர்காலம் பாதுகாப்பானது என்று நினைத்தால் ஏமாந்தோம். ஆரம்பத்தில் கொஞ்சமாக விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடந்து, அதற்கப்புறம் ஒரேயடியாகக் கொட்டுவதுதான் மோசமான வரிசை. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் சில்லாய் கலான் என்று பெயர். அந்த நாற்பது நாளில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள் எத்தனை, அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதை உள்ளூர் வழிகாட்டிகள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

சுருக்கமாக: ஆபத்தைத் தீர்மானிப்பது பனியின் அளவு மட்டுமில்லை, அது விழுந்த வரிசையும்தான்.

மாடிப்படியும் ஆடிக்காற்றும்

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் கிளம்புகின்றன. 30-க்குக் கீழே பாளம் வழுக்குவது அரிது. 50-ஐத் தாண்டினால் பனி தங்காமல் அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும். 30 டிகிரிக்கு மேல் என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டு மாடிப்படி கிட்டத்தட்ட அவ்வளவுதான். சறுக்குவதற்கு ருசியான சாய்வும் அதேதான், அதில்தான் வம்பு. கண்மதிப்பை நம்பாமல் செல்போனிலோ சாய்வுமானியிலோ அளந்துவிடுவார்கள். பனி எப்படியிருந்தாலும், சாய்வு குறைந்த இடத்துக்குப் போய்விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் தலைக்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் இருக்கக் கூடாது.

காற்று விஷயம், ஆடி மாதத்தில் தென்மாவட்டங்களில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. காம்பவுண்டுச் சுவரின் ஒரு பக்கம் தரை துடைத்துவிட்டாற்போல் இருக்கும், மறுபக்கம் மணல் குவிந்திருக்கும். மலைமுகட்டிலும் அப்படியே. காற்று மோதும் பக்கத்துப் பனி மறைவான பக்கத்தில் குவிகிறது, வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட. தூக்கிவரும் வழியில் துகள்கள் பொடியாகி நெருக்கமாக அடைந்துவிடுவதால் நேரடியாகப் பாளமாகவே படியும். எனவே “நேற்றுப் பனியே விழவில்லையே” என்பது பதிலாகாது.

குழி தோண்டிப் பார்ப்பது

ஒரு பிப்ரவரியில் குல்மார்க்கில் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்திருந்தேன். சறுக்குவதைவிட விழுந்ததுதான் அதிகம், அதை விடுங்கள். நான்காம் நாள், நாங்கள் போக ஆசைப்பட்ட சரிவைப் போலவே அதே திசையைப் பார்த்த, ஆனால் வீடு உயரம்கூட இல்லாத சின்ன மேட்டில் பயிற்சியாளர் குழி வெட்டச் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் தோண்டி, தரை தெரியும்போது ஆழம் 1.4 மீட்டர்.

சுவரை அவர் மண்வெட்டியால் வழவழப்பாகச் சீவினார். பார்த்தால் ஒரே வெள்ளை. “கையை வைங்க” என்றார். முதலில் முஷ்டி, அது நுழையாவிட்டால் நான்கு விரல், பிறகு ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியாகக் கத்தி. எது நுழைகிறதோ அதுதான் அந்த அடுக்கின் கடினம். மேலே 30 சென்டிமீட்டர் முஷ்டி நுழைந்தது. அடுத்த 45 சென்டிமீட்டரில் ஒரு விரலே முக்கிமுனகித்தான் போனது. காற்று அடைத்த பாளம். அதற்கு அடியில் கை விரல் திடீரென்று உள்ளே போய்விட்டது. பயந்தே போனேன். சுவரிலிருந்து சர்க்கரை கொட்டியது.

பிறகு தட்டிப் பார்க்கும் சோதனை. சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தூணை நாலு பக்கமும் அறுத்துத் தனியாக்கினோம். அதன் ஒரு ஓரத்தில் மட்டும் மண்வெட்டித் தகட்டைக் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் விரிசல் விடுகிறது என்பதைவிட, ஓரத்தில் தொடங்கிய விரிசல் மறு ஓரம் வரை ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. சைக்கிள் ஸ்டாண்டு முழுக்கச் சாயுமா, இரண்டோடு நின்றுவிடுமா?

பதினாலாவது தட்டில் சர்க்கரை அடுக்கில் கோடு ஓடியது. 90 சென்டிமீட்டரும் ஒரே நொடியில். மேல் கட்டி, மேசை இழுப்பறையைப் போல என் மடியை நோக்கி நகர்ந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. குழி ஓர் இடத்தின் கதையைத்தான் சொல்லும். உடைந்தால் “போகாதே” என்று எடுத்துக்கொள்ளலாம். உடையாவிட்டால் “போகலாம்” என்று எடுத்துக்கொள்ள முடியாது, இருபது மீட்டர் தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் குழிக்கு முன்பே மலை தானாகச் சொல்வதைக் கவனிப்பார்கள்: பக்கத்து மலைச்சரிவுகளில் புதிதாக விழுந்த பனிச்சரிவின் தடம், நடக்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்று அடங்கிய சத்தம், அதாவது நலிந்த அடுக்கு அங்கேயே நொறுங்கி உட்காருவது, பனிச்சறுக்குப் பலகையிலிருந்து பிளந்து ஓடும் விரிசல், கடந்த ஒரு நாளில் பெரும் பனி அல்லது காற்று, திடீர் வெப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலே “போகாதே” என்றுதான் பொருள், குழி தோண்டும் சிரமம் மிச்சம்.

1 முதல் 5 வரை: மூன்று என்றால் பாதி இல்லை

மலை நாடுகளில் பனிச்சரிவு மையங்கள் குளிர்காலத்தில் தினமும் ஆபத்து நிலையை வெளியிடுகின்றன. சுவிட்சர்லாந்துக்கு டாவோஸ் நகரில் ஒரு நிறுவனம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு ஒரு மையம். நம் நாட்டில் இதற்காக 1969-இல் மணாலியில் தொடங்கிய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், 2020-இல் இன்னொன்றோடு இணைந்து சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. “2,400 மீட்டருக்கு மேல் மித ஆபத்துள்ள பனிச்சரிவு ஏற்படலாம்” என்று ஜம்மு காஷ்மீர் மாவட்டங்களுக்கு வரும் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

சர்வதேச அளவில் படிகள் ஐந்து: குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம். இங்கேதான் பெரிய குழப்பம். ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம், பாஸ் மார்க் வாங்கியாச்சு என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் படிக்குப் படி ஆபத்து கூடுவது கூட்டல் வாய்ப்பாட்டில் இல்லை, பெருக்கல் வாய்ப்பாட்டில். மூன்றாம் படியின் பொருள், மனிதர் கால் பட்டால் சரிவு கிளம்ப நல்ல வாய்ப்பு உண்டு என்பது. நான்கிலும் ஐந்திலும் மலையே கர்ஜிக்கும், யாரும் கிளம்ப மாட்டார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், பனி புதிதாக மின்னும், எல்லோரும் கிளம்புவார்கள். பல நாடுகளில் ஆகப்பெரும் பங்கு உயிரிழப்பு நடப்பது இந்த மூன்றில்தான்.

புதைந்த பிறகு

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இது கணிப்பு தோற்ற பிறகு வரும் அத்தியாயம். ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள்: 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும், தேடும் கருவி, குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, மண்வெட்டி. பனிச்சரிவு நின்ற நொடியில் துகள்கள் ஒட்டி இறுகிவிடும், உள்ளே விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர்தான். அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. தோண்டப்போவது கூட வந்தவர்கள். ஆகவே ஆபத்தான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இறங்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்ப்பது விதி.

“ஒண்ணும் ஆகலியே?”

2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டனல் கிரீக் என்ற சரிவில் பதினாறு பேர் இறங்கத் தொடங்கி மூவர் இறந்தார்கள். அந்தக் குழுவில் இத்துறை நிபுணர்களே இருந்தார்கள். அறிவு போதாமல் நடக்கும் விபத்துகளைவிட, அறிந்தும் நடப்பவைதான் யோசிக்க வைக்கின்றன. ஹெல்மெட் போடாமலே இருபது வருஷம் வண்டி ஓட்டியவரிடம் பேசிப் பாருங்கள். அவருக்கு அந்த இருபது வருஷமே சாட்சி. மலையும் இதே மாதிரித் தவறான ஆளுக்கும் மதிப்பெண் போடும். மோசமான முடிவெடுத்தும் ஒன்றும் நடக்காமல் கீழே வந்து சேர்ந்தால், அதை நம் திறமைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம்.

நாங்கள் குழி தோண்டிய மறுநாள் காலை, போகாமல் விட்ட அந்தப் பெரிய சரிவில் நாலு தடங்கள் வளைந்து வளைந்து இறங்கியிருந்தன. யாரோ ஜாலியாகப் போய் வந்திருக்கிறார்கள். “அப்போ நம்ம டெஸ்ட் தப்பா சார்?” என்று கேட்டேன், குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும். பயிற்சியாளர் கையிலிருந்த கம்பால் சரிவின் வலது ஓரத்தைக் காட்டினார். பனிக்கு மேலே இரண்டு பாறை முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. நடுவில் காற்று நிறையக் குவித்திருக்கிறது, அங்கே சர்க்கரை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடக்கும், ஆள் எடை அவ்வளவு தூரம் இறங்காது என்றார். பாறையைச் சுற்றித்தான் படுகை மெலிந்திருக்கும். அங்கே காலை ஊன்றினால் அடி அடுக்கு வரை தட்டும். கடைசித் தடம் அந்தப் பாறைகளுக்கு ஆறேழு மீட்டர் தள்ளித்தான் போயிருந்தது.